அடகுக் கடை எதிர்ப்பும் அடகைக் குறித்த திருமறைப் போதனையும்

நமது திருச்சபையின் எல்லைக்குள் அமைந்த ஒரு குடியிருப்பில் அடகுக் கடை ஒன்று திறக்கப்படவிருப்பதாகச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தி பரவிற்று. கடைக்கென வாடகைக்கு எடுக்கப்பட்ட இடம் ஆலயத்திற்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. குடியிருப்போர் ஒன்றுகூடி, கடைக்கு உரிமம் வழங்கலாகாது என்று கோரும் விண்ணப்பம் ஒன்றை எழுதினர். முதற் கையொப்பம் ஆயருடையதாக இருத்தல் வேண்டும் என்று சொல்லி அதனை நம்மிடம் கொண்டுவந்தனர். நாம் தயக்கமின்றிக் கையொப்பமிட்டோம். வட்டித் தொழிலைத் திருமறை கண்டிக்கின்றது என்பது நமக்குத் தெரிந்திருந்தது. அதற்குமேல் எண்ணிப்பார்க்க வேண்டியது ஏதும் இருப்பதாக அன்று தோன்றவில்லை.

அன்று மாலை, ஆலய வளாகத்தைத் துப்புரவு செய்யும் சகோதரி ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, கடை வரக்கூடாது என்று நீங்களும் எழுதிக் கொடுத்துவிட்டீர்களாமே? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது இந்தக் கம்மலை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? பேருந்து ஏறிப் போய் வந்தால் அரைநாள் கூலி போய்விடுகிறதே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. வழி கேட்பவர்போலவே கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. அடகுக் கடையை எதிர்ப்பது சரியா, தவறா என்று தீர்ப்பளிப்பது இதன் நோக்கமன்று. இறைமக்கள் எதனை எதிர்க்க வேண்டும், எதிர்த்தபின் எதனைச் செய்யக் கடன்பட்டிருக்கின்றனர் என்பதைத் திருமறையின் ஒளியில் ஆராய்வதே நோக்கம்.

1. எதிர்ப்பில் கலந்திருந்த காரணங்கள்

விண்ணப்பத்தில் நான்கு காரணங்கள் கூறப்பட்டிருந்தன. முதலாவது, அடகுக் கடை திருட்டு நகைக்குப் புகலிடமாகும் என்பது. இரண்டாவது, குடிப்பழக்கமுள்ள கணவர்கள் மனைவியரின் நகையைப் பறித்து எளிதில் பணமாக்குவர் என்பது. மூன்றாவது, குடியிருப்பின் மதிப்புக் குறையும் என்பது. நான்காவது, கடை வைப்பவர் நம் ஊரார் அல்லர் என்பது.

முதலிரண்டு காரணங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. மனைவி அறியாமல் அடகுக்குச் சென்ற தாலிச்சரடும், அதற்குப் பதிலாக மஞ்சள் கயிற்றில் கட்டிய மஞ்சள் துண்டும் ஆயர் பணி செய்வோர் பலர் கண்டறிந்தவையே. ஆயினும் பின்னிரண்டு காரணங்களே கூட்டத்தில் மிகுந்த உரத்த குரலில் பேசப்பட்டன. வீட்டுமனையின் விலை குறையும் என்று அஞ்சியோர் பெரும்பாலும் கடன் வாங்கும் தேவை அற்றவர்கள். தேவையுள்ளோர் அக்கூட்டத்திற்கு அழைக்கப்படவும் இல்லை. "சேட்டுக் கடை" என்ற சொல் நம் ஊர்களில் அடகுக் கடைக்கே பெயராக வழங்குகின்றது. அச்சொல்லில் ஒரு தொழிலைக் குறித்த கண்டனத்தோடு ஒரு சமூகத்தாரைக் குறித்த வெறுப்பும் கலந்துவிடுகின்றது. அதே தெருவில் வீட்டிலிருந்தபடியே, உரிமமும் சீட்டும் இன்றி, அதனினும் கூடுதலான வட்டிக்குக் கொடுத்துவந்தவர் நம் ஊராரே. அவரைப்பற்றி விண்ணப்பத்தில் ஒரு சொல்லும் இல்லை.

2. அடகு எவ்வாறு இயங்குகின்றது?

ஒரு பொருளைக் கடனுக்கு ஈடாக ஒப்படைத்து, அசலையும் வட்டியையும் செலுத்தி அதனை மீட்டுக்கொள்வதே அடகு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதனை வரையறுத்துள்ளது. கடன் திரும்பாவிடில், தக்க முன்னறிவிப்புக் கொடுத்தபின்னரே பொருளை விற்கலாம். விற்ற தொகை கடனைவிட மிகுந்திருப்பின் மிகுதி கடன் பெற்றவருக்கே உரியது. இவ்வுரிமையை நம் மக்களுள் அறிந்தோர் சிலரே. நகை "மூழ்கிவிட்டது" என்று சொல்லி அழுதுவிட்டு, மிகுதி எங்கே என்று கேளாமல் வீடு திரும்புவோரே பலர்.

ஏழைகள் அடகுக் கடையை ஏன் நாடுகின்றனர்? அங்கே நிலப்பத்திரம் கேட்பதில்லை, ஜாமீன் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. கடைக்காரர் ஆளைப் பார்ப்பதில்லை, பொருளை உரைத்துப் பார்க்கின்றார். கால் மணி நேரத்தில் பணம் கைக்கு வருகின்றது. உறவினர் வாசலில் நின்று தலைகுனிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் நாள், மருத்துவமனையில் முன்பணம் கட்டும் வேளை, விதைப்புக் காலம் ஆகியவை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அடகின் தீமையும் மறுக்கத்தக்கதன்று. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்பதை நம் மக்கள் "இரண்டு வட்டி" என்பர். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வட்டி, ரூ. 10,000 கடனுக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 2,400 ஆகின்றது. முதல் மாத வட்டியை முன்னரே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது ரூ. 9,800 மட்டுமே. வட்டியை மட்டும் கட்டிச் சீட்டை ஆண்டுதோறும் புதுப்பிப்பவர், சில ஆண்டுகளில் நகையின் விலையில் பெரும்பகுதியை வட்டியாகவே கொடுத்துவிடுகின்றார். நகையோ இன்னும் பெட்டகத்திலேயே கிடக்கின்றது.

எனினும், நகைக்கும் வழியற்றோர் செல்லுமிடம் இதனினும் கொடியது. "பத்து வட்டி"க்கு வாங்கிய ரூ. 10,000, ஓராண்டில் ரூ. 12,000 வட்டியை விழுங்குகின்றது. அசல் அப்படியே நிற்கின்றது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. ஆயினும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையைக் குறித்து முறையிட்டு வந்த ஒரு தொழிலாளியின் குடும்பம், இரு சிறு பெண் குழந்தைகளோடு தீக்கிரையாயிற்று. அடகில் இழக்கப்படுவது பொருள். கந்துவட்டியில் இழக்கப்படுவது ஆள். ஒரு வாசலை அடைக்கும்போது மக்கள் எந்த வாசலுக்குத் தள்ளப்படுகின்றனர் என்று கேளாத எதிர்ப்பு குறைபாடுள்ளது.

3. நியாயப்பிரமாணம் வகுக்கும் எல்லைகள்

பழைய ஏற்பாடு எளிய சகோதரனிடம் வட்டி வாங்குவதை விலக்குகின்றது (யாத். 22:25, லேவி. 25:35-37, உபா. 23:19). அந்நியனிடம் வாங்கலாம் என்ற விதிவிலக்கும் உண்டு (உபா. 23:20). ஆனால் அடகு வாங்குவதை அது முற்றிலும் விலக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதற்கு நான்கு எல்லைகளை வகுக்கின்றது.

முதலாவது, உயிர் வாழ்தற்குரிய கருவியை அடகாக வாங்குதல் ஆகாது. திரிகையின் மேற்கல்லையும் அடிக்கல்லையும் உபாகமம் 24:6 பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. அன்றன்று அரைத்த மாவே அன்றைய அப்பம். இரு கல்லில் ஒன்று போனாலும் வீட்டில் அடுப்பு எரியாது. இன்று திரிகையின் இடத்தில் தையல் இயந்திரமும், ஆட்டோவின் பதிவுச் சான்றும், குடும்ப அட்டையும் நிற்கின்றன. கூலி வந்து சேரும் வங்கிக் கணக்கின் ஏ.டி.எம். அட்டையையே ஈடாக வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் தொழிலாளரிடையே காணப்படுகின்றது. இது திரிகைக் கல்லை எடுத்துச் செல்வதேயாம்.

இரண்டாவது, ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் (யாத். 22:26-27, உபா. 24:12-13). இரவில் திரும்பிச் செல்லும் பொருள் கடனுக்கு என்ன உறுதி தரும் என்று வணிக அறிவு கேட்கும். நியாயப்பிரமாணம் குளிரில் நடுங்குபவன் எதனைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று கேட்கின்றது. கடன் கொடுத்தவரின் உறுதியைவிடக் கடன்பட்டவரின் உறக்கம் பெரிதென எண்ணும் சட்டம் இது.

மூன்றாவது, கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை எடுக்கக் கடன்பட்டவரின் வீட்டிற்குள் நுழைதல் ஆகாது, அவர் வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவரே பொருளைக் கொண்டுவந்து தர வேண்டும் (உபா. 24:10-11). எதனை அடகு வைப்பது என்று தெரிந்தெடுக்கும் உரிமை ஏழைக்கே உரியது. வறியவரின் வீட்டு வாசற்படியும் மதிப்புக்குரிய எல்லையாகும்.

நான்காவது, விதவையின் ஆடையை அடகாக வாங்குதல் ஆகாது (உபா. 24:17). எகிப்தில் அடிமைப்பட்டிருந்ததை நினைவுகூருமாறு அடுத்த வசனமே பணிக்கின்றது. மீட்கப்பட்ட மக்கள் பிறரைப் பிணைக்கலாகாது என்பதே இச்சட்டங்களின் அடிப்படை இறையியல்.

இவை ஏட்டளவில் நின்ற கட்டளைகள் அல்ல என்பதற்குத் தொல்லியல் ஒரு சான்று தருகின்றது. யாவ்னே கடற்கரைக்கு அருகிலுள்ள பழைய கோட்டை ஒன்றில் 1960இல் எழுத்துப் பொறித்த மண்பாண்ட ஓடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவர் தம் ஆடை பறிக்கப்பட்டதென்றும், தாம் குற்றமற்றவர் என்றும், அதனைத் திருப்பித் தரச் செய்ய வேண்டுமென்றும் அதிகாரியிடம் முறையிடுகின்றார். அந்த ஆடை கடனுக்கான அடகு என்று ஓடு கூறவில்லை. ஆயினும் உழைப்பாளி ஒருவருக்கு ஓர் ஆடை எத்துணைப் பெரிது என்பதை அவ்வோடு இன்றும் நமக்குக் காட்டுகின்றது.

4. தீர்க்கதரிசியின் குற்றச்சாட்டும் நெகேமியாவின் சபைக்கூட்டமும்

ஆமோஸ் தீர்க்கதரிசி அடகைக் குறித்துப் பேசும்போது அவர் சுட்டிக்காட்டும் இடம் கடைவீதி அன்று, வழிபாட்டு இடம். அடகாக வாங்கிய ஆடைகளின்மேல் பலிபீடத்தருகே சாய்ந்துகொள்வோரை அவர் சாடுகின்றார் (ஆமோஸ் 2:8). இரவில் திருப்பித் தரப்பட வேண்டிய போர்வை ஆராதனைக்கு விரிப்பாயிற்று. ஒடுக்குமுறைக்கும் வழிபாட்டுக்கும் இடையே தொலைவு இல்லை என்று கண்டதே அவருடைய அதிர்ச்சி.

நெகேமியா 5ஆம் அதிகாரம் கடன் கொடுமைக்கு எதிரான சமூக எதிர்ப்பு ஒன்றின் பதிவாகும். மக்களும் அவர்தம் மனைவியரும் முறையிட்டனர் என்று அது தொடங்குகின்றது. தானியத்திற்காக நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், அரச வரிக்காகக் கடன் வாங்கியவர்கள், பிள்ளைகளை அடிமைப்படுத்தக் கொடுத்தவர்கள் எனப் பல திறத்தார் அங்கே பேசுகின்றனர். குற்றம் சாட்டப்பட்டோர் அந்நியர் அல்லர், சொந்தச் சகோதரர். நெகேமியா பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டுகின்றார். தாமும் தம் சகோதரரும் ஊழியரும் பணமும் தானியமும் கடன் கொடுத்திருப்பதை 10ஆம் வசனத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றார். அதன்பின் நிலங்களையும் தோட்டங்களையும் வீடுகளையும், வாங்கிவந்த நூற்றிலொரு பங்கையும் திருப்பித் தரும்படி கேட்டு, ஆசாரியர் முன்னிலையில் ஆணையிடுவிக்கின்றார்.

இங்கே மூன்று செய்திகள் நோக்கத்தக்கவை. எதிர்ப்புப் பாதிக்கப்பட்டோரிடமிருந்து எழுந்தது. தலைவர் தம் பங்கை முதலில் ஒப்புக்கொண்டார். முடிவில் மக்களுக்குக் கிடைத்தது வெறும் தடையன்று. இழந்த நிலமும் வீடும். நாம் கையொப்பமிட்ட விண்ணப்பத்தில் இம்மூன்றும் இல்லை.

5. சபை வரலாறு தரும் எச்சரிக்கையும் வழியும்

வட்டிக்காரரை எதிர்த்த திருச்சபை, மாற்று வழியையும் அமைத்ததுண்டு. இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவியரின் தூண்டுதலால் 1462இல் பெருஜியா நகரில் ஏழைகளுக்கான அடகு நிலையம் நிறுவப்பட்டது. நன்கொடைகளால் முதல் திரட்டி, செலவுக்குப் போதுமான சிறு தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு அது கடன் அளித்தது. அச்சிறு தொகையும் வட்டியே என்று பலர் எதிர்த்தனர். 1515இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் இந்நிலையங்களை ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பதோடு நில்லாமல் கடன் தரும் பொறுப்பையும் ஏற்றமை போற்றத்தக்கதே.

ஆனால் அவ்வியக்கத்தின் மறுபக்கம் நம்மை நடுங்கச் செய்கின்றது. வேறு தொழில்கள் பலவற்றிலிருந்து விலக்கப்பட்ட யூதர் வட்டித் தொழிலுக்குத் தள்ளப்பட்டிருந்தனர். அந்நிலையங்களுக்காக ஊர்தோறும் பிரசங்கித்த துறவியர் சிலர், வட்டியைக் கண்டித்த அதே மூச்சில் யூதர்மீது வெறுப்பையும் மூட்டினர். அவர்களுள் பெரிதும் அறியப்பட்டவர் பெல்த்ரே நகரத்துப் பெர்னார்தினோ. நீதிக்கான குரல் இனவெறுப்பின் குரலாக மாறுதல் எத்துணை எளிது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. "நம் ஊரார் அல்லர்" என்ற நான்காம் காரணத்தை இதன் அருகில் வைத்துப் பார்த்தபோது நாம் வெட்கமடைந்தோம்.

மற்றொரு வழியைச் செர்மனியில் காண்கின்றோம். ரைன்லாந்துப் பகுதியில் ஊர்த்தலைவராகப் பணியாற்றிய புரொட்டஸ்டண்டு விசுவாசி பிரெட்ரிக் வில்லெம் ரைபைசன், 1864இல் ஹெட்டெஸ்டார்ப் என்ற ஊரில் கடன் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். பணக்காரரின் தருமத்தை மட்டும் நம்பிய முயற்சிகள் நிலைபெறா என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். ஆகவே கடன் வாங்குவோரே உறுப்பினராகி ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் முறையை வகுத்தார். சென்னை மாகாணத்திற்கு இம்முறை ஏற்றதென 1895, 1897ஆம் ஆண்டுகளில் பிரெடரிக் நிக்கல்சன் அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. சேலத்தில் பிறந்தவரும், ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளருமான கே.டி. பால், கிராமக் கடன் சங்கங்களைக் கிறிஸ்தவத் தொண்டின் பகுதியாகவே கருதி வளர்த்தார். நம் முன்னோர் நடந்த இவ்வழியை நாம் மறந்துவிட்டோம் எனலாம்.

6. இன்றைய சட்டம்

தமிழ்நாட்டில் அடகுத் தொழில் 1943ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டத்திற்கு உட்பட்டது. உரிமம் பெறுதல், அடகுச் சீட்டுக் கொடுத்தல், கணக்கேடு வைத்தல், வட்டிக்கு உச்சவரம்பு, மீட்கப்படாத பொருளைப் பொது ஏலத்தில் விற்றல் ஆகியவற்றை அது கட்டாயமாக்குகின்றது. வங்கிகளும் நகைக்கடன் நிறுவனங்களும் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளுக்கு உட்பட்டவை. 2025 ஜூனில் வெளியிடப்பட்ட நெறிமுறைகளின்படி, நகையைக் கடன் பெறுவோரின் முன்னிலையிலேயே மதிப்பிட வேண்டும்; கடன் விவரத்தை அவர் அறிந்த மொழியில் தர வேண்டும்; கடன் தீர்ந்தபின் 7 வேலை நாள்களுக்குள் நகை திரும்ப வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு தர வேண்டும். வெளியே நிற்கட்டும் என்றும், பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு என்றும் சொன்ன பழைய குரலின் எதிரொலியை இவ்விதிகளில் கேட்கலாம். ஆனால் விதி ஏட்டில் இருப்பது வேறு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு தாய் அதனைக் கேட்டுப் பெறுவது வேறு.

7. நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில கடமைகள் எழுகின்றன.

முதலாவது, எதிர்ப்பின் பொருளை மாற்ற வேண்டும். "இத்தெருவில் வேண்டா" என்பதைவிட, "இந்நிபந்தனைகளின்றி எத்தெருவிலும் வேண்டா" என்பதே திருமறைக்கு இசைந்த கோரிக்கை. உரிமமும் வட்டி விகிதமும் தமிழில் எழுதித் தொங்கவிடப்படட்டும். எடை போடுதல் வாடிக்கையாளரின் கண்முன் நடக்கட்டும். ஏலத்திற்கு முன் அறிவிப்பும், ஏலத்திற்குப்பின் மிகுதியும் தவறாமல் சேரட்டும். கடைக்காரரையும் அயலாராக எண்ணி அவரோடு நேரிற் பேசுதல் வேண்டும்.

இரண்டாவது, சபையில் அடகுச் சீட்டைப் படித்து விளக்கவும், தவணை நாளை நினைவூட்டவும், கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்கு நகைக்கடன் பெற வழிகாட்டவும் இருவர் அல்லது மூவர் பயிற்சி பெற வேண்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை.

மூன்றாவது, நமது பணத்தைக் குறித்து நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சபைகளின் காப்பு நிதி வங்கியில் வைப்பாகக் கிடந்து வட்டி ஈட்டுகின்றது. அதே வங்கி நம் சபை ஏழைகளின் நகையை வாங்கிக்கொண்டு, நமக்குத் தருவதினும் கூடுதலான வட்டிக்கு அவர்களுக்குக் கடன் தருகின்றது. நெகேமியாவைப்போல் "நாமும் கொடுத்திருக்கின்றோம்" என்று சொல்லும் நிலையிலேயே நாம் இருக்கின்றோம். அந்நிதியில் ஒரு சிறு பங்கைச் சுழல்நிதியாக ஒதுக்குதல் இயலாததன்று.

நான்காவது, அடகுக்குக் காரணமாகும் சுமைகளை நாமே ஏற்றலாகாது. வரதட்சணையாகக் கேட்கப்படும் பவுன் கணக்கும், கடன் வாங்கி நடத்தும் திருமண விருந்தும், பண்டிகைதோறும் குடும்பத்திற்கு இவ்வளவு என்று விதிக்கப்படும் காணிக்கையும் பல நகைகளைக் கடைக்கு அனுப்பியுள்ளன. பலிபீடத்தருகே விரிக்கப்பட்ட அடகு ஆடையை ஆமோசின் காலத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை.

தொடங்கிய நிகழ்ச்சியை முடித்துக் கூறுவோம். எதிர்ப்பு வெற்றி பெற்றது. அவ்விடத்தில் கடை வரவில்லை. இரண்டு தெரு தள்ளி, கூலித் தொழிலாளர் வாழும் பகுதியின் முகப்பில் அது திறக்கப்பட்டது. அங்கே விண்ணப்பம் எழுதுவார் எவரும் இல்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் அச்சகோதரியின் கம்மல் அக்கடைக்கே சென்றது. நமது முதற் கையொப்பத்தினால் விளைந்த பயன் இவ்வளவே.

அடுத்த ஆண்டு மகளிர் ஐக்கியத்தார், பள்ளிச் செலவுக்கென வட்டியில்லாச் சுழல்நிதி ஒன்றைத் தொடங்கினர். தொகை சிறிது, முதலாண்டில் உதவி பெற்ற குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிலர் தவணை தவறினர். அவர்களை என்ன செய்வது என்று குழுவில் கருத்து வேறுபாடும் உண்டாயிற்று. அப்போது மூத்த தாயார் ஒருவர், வீட்டிற்குள் நுழைந்து கேளாமல் வாசலில் நின்று கேட்டு வருவோம் என்றார். அவர் உபாகமத்தை எண்ணிச் சொன்னாரோ, இயல்பாகச் சொன்னாரோ, நாம் கேட்கவில்லை. அவ்வாறே செய்யப்பட்டது. நிதி இன்றும் நடைபெறுகின்றது.

ஆயர் பணிக்கு ஆயத்தமாகும் நம் மாணவர்கள் நாளை இத்தகைய விண்ணப்பங்களில் முதற் கையொப்பமிட அழைக்கப்படுவர். எழுதுகோலை எடுக்குமுன், அவ்விண்ணப்பத்தை எழுதும் கூட்டத்தில் யார் இல்லை என்று பார்த்து, அவர்களிடம் சென்று கேட்க வேண்டுகின்றோம்.